ஒரு சொட்டு நெயில் பாலிஷ்: தையலிலும் வீட்டிலும் எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது

கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி. மாமா பெண்ணின் முகூர்த்த ஜாக்கெட்டை மடித்து வைக்கப் போனபோது, வலது கையில் ஆரி வேலை செய்த இடத்தில் ஒரு நூல் முனை நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் பக்கத்தில் இல்லை. யாரோ அதை விரலாலேயே இழுத்துவிட்டார்கள். நாலு விரற்கடை நீளத்துக்குச் சங்கிலித் தையல் சரசரவென்று பிரிந்து, அதில் கோத்திருந்த மணிகளெல்லாம் பாயில் உருண்டன.

மணிகளைப் பொறுக்கித் திரும்பக் கோத்து, தைத்து, பின்பக்கம் முடிச்சுப் போட்டு முடிக்கும்போது மணி பன்னிரண்டரை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை சொன்னார்: "முடிச்சு மேல ஒரு சொட்டு கியூடெக்ஸ் வெச்சு விடும்மா, இனி அசையாது." அத்தை வயதில் இருப்பவர்களுக்கு எந்தக் கம்பெனி நெயில் பாலிஷும் கியூடெக்ஸ்தான். வைத்தேன். அந்த இடம் இன்றுவரை பிரியவில்லை.

அன்றிலிருந்து என் தையல் பெட்டியில் கலர் இல்லாத நெயில் பாலிஷ் பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். பல வருஷம் பயன்படுத்தித் தெரிந்துகொண்டதில் முக்கியமானது இதுதான்: நெயில் பாலிஷ் தைத்ததைக் காக்கும், தைக்காததை ஒட்டாது. அதைப் பசை என்று நினைத்துக் கிழிசலில் தடவுபவர்களுக்குத் துணியும் போகும், நேரமும் போகும். ஏற்கெனவே போட்ட முடிச்சு, ஏற்கெனவே ஓட்டிய தையல், ஏற்கெனவே முறுக்கிய திருகு, இவை அசையாமல் இருக்கக் காவல் வைப்பதுதான் அதன் வேலை.

பாட்டிலுக்குள் இருப்பது

சாதாரண நெயில் பாலிஷில் பெரும்பங்கு எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் போன்ற சீக்கிரம் ஆவியாகும் திரவங்கள். அவற்றில் நைட்ரோசெல்லுலோஸ் கரைந்திருக்கும். பஞ்சையோ மரக்கூழையோ நைட்ரிக் அமிலம் சேர்ந்த கலவையில் பதப்படுத்தி எடுக்கும் பொருள் இது. 1920-களில் அமெரிக்காவில் கார்களுக்கு அடித்த பளபளப்பான பெயின்டும் இதே பொருளில் செய்ததுதான். பாட்டிலைத் திறந்து பூசினால் திரவம் ஆவியாகிப் போகும், மெல்லிய படலம் மட்டும் தங்கும். ஒட்டும் பசை போல அது இழைகளை இறுக்கிப் பிடித்து இழுக்காது. இழைகளுக்கு நடுவே புகுந்து அப்படியே உறைந்து நிற்கும்.

இதிலிருந்து மூன்று விஷயம் புரியும். ஒன்று, அசிடோன் பட்டால் அந்தப் படலம் மறுபடி கரையும், அதனால் தப்பைத் திருத்த முடியும். இரண்டு, படலம் விறைப்பானது. தோளிலோ இடுப்பிலோ வளைந்து நெளியும் இடத்தில் அகலமாகப் பூசினால் வெடித்து உதிரும். மூன்று, இது எளிதில் தீப்பிடிக்கும். அந்தக் காலத்துச் சினிமா ஃபிலிம் சுருள்களும் நைட்ரோசெல்லுலோஸ்தான். அவை தீப்பிடிக்கும் ஆபத்தால்தான் 1950 வாக்கில் அந்த வகை ஃபிலிமைக் கைவிட்டார்கள். ஆகவே சாமி விளக்கு, கேஸ் அடுப்பு, கொசுவத்தி, சூடான இஸ்திரிப் பெட்டி எதுவும் அருகில் இல்லாத இடத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

எதை வாங்குவது

பேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும் மலிவான, கலர் இல்லாத, தண்ணியான பாட்டில் போதும். துணிக்கு விலை உயர்ந்ததை விடத் தண்ணியானதுதான் நல்லது, நூலுக்குள் இறங்கும். ஜெல் நெயில் பாலிஷ் வேண்டாம். அதற்கென்று உள்ள விளக்கொளியில் காட்டாமல் அது காயவே காயாது. மேட் வகை அடர்ந்த நிறத் துணியில் வெள்ளை பூத்த மாதிரி தெரியும். குறி வைக்க மட்டும் பழைய கலர் பாட்டில் ஒன்றிரண்டு போதும். கெட்டியாகிப் போனதையும் தூக்கிப் போடாதீர்கள், அதற்கும் ஒரு வேலை இருக்கிறது.

கூடவே வேண்டியவை பல்குச்சி, ஒரு பழைய ஊசி, துடைக்கப் பழைய பருத்தித் துணி, அசிடோன் உள்ள ரிமூவர், அடியில் வைக்க ஒரு தட்டை அட்டை. அடியில் தெர்மாகோல் வைக்காதீர்கள், நெயில் பாலிஷ் பட்ட இடம் கரைந்து குழியாகிவிடும்.

சொட்டு வைக்கும் விதம்

எல்லாத் தையல் வேலைக்கும் பொதுவானது இது. இதைக் கற்றுக்கொண்டால் மீதியெல்லாம் சுலபம்.

1. முதலில் வெட்டி மீந்த துண்டுத் துணியில் சோதியுங்கள். ஒரு சொட்டு வைத்து ஒரு மணி நேரம் விட்டு, கறை தெரிகிறதா, சாயம் பரவுகிறதா, துணி சுருங்குகிறதா என்று பாருங்கள். துண்டு இல்லையென்றால் உள்பக்கம் தையலுக்கு விட்ட ஓரத்தில் பாருங்கள்.

2. பாட்டிலில் உள்ள பிரஷ்ஷால் நேரே துணியைத் தொடாதீர்கள். அது நகத்துக்கு ஏற்ற அளவு. பிரஷ்ஷைக் கழுத்தில் வழித்துவிட்டு, பல்குச்சியின் முனையைப் பிரஷ்ஷில் தொட்டு எடுங்கள். கடுகில் பாதி போதும்.

3. துணியின் உள்பக்கம் மேலே இருக்கட்டும். குச்சி முனையை முடிச்சின் மேல் தொட்டுவிட்டு எடுத்துவிடுங்கள். நூல் அதைத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுத்துக்கொள்ளும். உற்றுப் பார்த்தால் முடிச்சு முதலில் நிறம் மாறும், பிறகு அந்த நிறம் நூல் வழியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகரும், அப்புறம் நின்றுவிடும். நகர்வது நின்ற பிறகுதான் இன்னும் வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். அதற்குள் இரண்டாவது சொட்டு வைத்தால் வெளிப்பக்கத்துக்கு வந்து நிற்கும்.

4. மேல்பகுதி பத்து நிமிஷத்தில் காய்ந்த மாதிரி இருக்கும். நம்பாதீர்கள். மடிக்கவோ அணியவோ சில மணி நேரம் விடுங்கள், துவைக்க மறுநாள் வரை பொறுங்கள்.

5. காய்ந்த பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் நூலை முடிச்சை ஒட்டி வெட்டுங்கள். முன்னாலேயே வெட்டினால் முடிச்சு நழுவ இடம் உண்டு.

ஆரி வேலையும் சட்டைப் பட்டனும்

அரிசி மூட்டையின் வாயைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தத் தையலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். அது சங்கிலித் தையல். ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணிதான் பிடித்திருக்கிறது, கடைசிக் கண்ணியைப் பிடிக்க ஆள் இல்லை. ஆரி ஊசியில் போடுவதும் அதே சங்கிலிதான். மூட்டையில் அது வசதி. ஐயாயிரம் கொடுத்து வேலைப்பாடு செய்த ஜாக்கெட்டில் அது ஆபத்து.

ஜாக்கெட் கைக்கு வந்ததும் லைனிங் வைத்துத் தைப்பதற்கு முன்பே துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பூவும் கொடியும் முடியும் இடத்தில் ஒரு நூல் முனை இருக்கும். முடிச்சு இருக்கிறதா என்று ஊசி முனையால் மெதுவாக நிமிண்டிப் பாருங்கள். முடிச்சு இல்லாத இடத்தில் சாதாரண ஊசியால் பக்கத்துத் தையலுக்குள் இரண்டு முறை கோத்து முடிச்சுப் போடுங்கள். பிறகுதான் சொட்டு. கழுத்தோரத்திலும் கை விளிம்பிலும் இருக்கும் முனைகளுக்கு முதலில் செய்யுங்கள், உரசல் அங்கேதான் அதிகம். சமிக்கி வைத்த இடத்தில் மிகக் கவனம். சில சமிக்கிகளின் நிறப்பூச்சு நெயில் பாலிஷ் பட்டாலே உரிந்துவிடும். ஒரு சமிக்கியைத் தனியாக வைத்துச் சோதித்துவிட்டுத் தொடுங்கள்.

ஆயத்த சட்டைகளிலும் இதே கதை. பல சட்டைகளின் பட்டனை ஒற்றை நூல் சங்கிலித் தையலில்தான் மெஷின் பிடிக்கிறது. பின்பக்கம் ஒரு முனை ஆடிக்கொண்டிருந்தால் அதை இழுக்காதீர்கள். புதுச் சட்டை வாங்கிய அன்றே எல்லாப் பட்டனின் பின்பக்க நூலிலும் ஒவ்வொரு சொட்டு வைத்துவிடுவது எங்கள் வீட்டில் வழக்கம். பட்டனின் முன்பக்கம் நாலு துளைக்கு நடுவே வைக்கச் சொல்பவர்களும் உண்டு. அங்கே பளபளப்பு தெரியும், சில பிளாஸ்டிக் பட்டன் மங்கும். பின்பக்கமே போதும். ஆடுகிற பட்டனுக்கு மட்டும் இது மருந்தல்ல, அதைப் பிரித்துத் திரும்பத்தான் தைக்க வேண்டும்.

காஜா பிசிறாமல் வெட்ட

வீட்டு மெஷினில் பட்டன் துளைக்குக் காஜா போட்டுவிட்டு நடுவே வெட்டும்போது பிசிறு வெளியே வருவது எல்லோருக்கும் உள்ள கஷ்டம். இதற்கு வெட்டிய பிறகு பூசுவதைவிட, வெட்டுவதற்கு முன் பூசுவது பல மடங்கு நல்லது.

காஜாவின் இரண்டு வரிசைத் தையலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில், உள்பக்கத்திலிருந்து, பல்குச்சியால் ஒரு கோடு இழுங்கள். அரை மணி நேரம் காயட்டும். இரண்டு முனையிலும் குறுக்குத் தையலுக்குச் சற்று உள்ளே ஒவ்வொரு குண்டூசி குத்துங்கள், பிளேடு அதைத் தாண்டிப் போகாது. பிறகு நடுவிலிருந்து ஆரம்பித்து ஒரு பக்கம், திரும்ப நடுவிலிருந்து மறுபக்கம் என்று வெட்டுங்கள். பருத்தி, டெரிகாட்டன், லினன் மூன்றிலும் இது சுத்தமாக வரும். மெல்லிய பட்டில் கோடு வெளியே தெரியும், அங்கே கையால் காஜா போடுவதுதான் அழகு.

பைஜாமா நாடா, பாவாடை நாடா, ஷூ லேஸ் ஆகியவற்றின் முனை பிரிந்தால் விரலால் முறுக்கி, பிரஷ்ஷில் தோய்த்து, காய்ந்ததும் இன்னொரு முறை தோய்த்தால் ஊக்கு இல்லாமலே நுழையும் அளவுக்கு விறைக்கும். பாலியெஸ்டர் ரிப்பனுக்கு மெழுகுவர்த்திச் சூட்டில் ஓரத்தை உருக்குவதே போதும். பருத்தி உருகாது, கருகும், அதற்குத்தான் பாலிஷ் தேவை. பாலிஷ் வைத்த ரிப்பனைச் சூடு காட்டாதீர்கள். பார்வை மங்கியவர்கள் ஊசியில் நூல் கோக்கவும் இது உதவும்: நூலைச் சாய்வாக வெட்டி, முனை அரை இன்ச் மட்டும் பாலிஷில் தொட்டு, விரலிடையே உருட்டிக் காயவிட்டால் கம்பி மாதிரி நிற்கும். கோத்த பிறகு அந்த முனையை வெட்டிவிடுங்கள்.

ஜாக்கெட் கொக்கியும் துருக்கறையும்

வியர்வையில் நனைந்த ஜாக்கெட்டை அப்படியே சுருட்டி வைத்தால் பட்டியில் வரிசையாகத் துருப் புள்ளிகள் விழும். இரும்புக் கொக்கியின் வேலை அது. வாங்கும்போதே காந்தம் காட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பித்தளை. பட்டு ஜாக்கெட்டுக்குப் பித்தளைதான் வையுங்கள், பாலிஷை நம்பி இரும்பு வைக்காதீர்கள்.

இரும்புதான் இருக்கிறது என்றால் தைப்பதற்கு முன்பே கொக்கிகளை ஒரு நூலில் கோத்து, தோரணம் மாதிரி கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் மெல்லிய பூச்சு இரண்டு முறை கொடுங்கள். தைக்கும் துளை அடைபட்டால் ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள். கொக்கி வளைவின் உள்பக்கம் மாட்டிக் கழற்றும்போது தேயும் என்பதால் துரு முதலில் அங்கேதான் எட்டிப் பார்க்கும். சில மாதத்துக்கு ஒரு முறை அந்த இடத்தை மட்டும் தொட்டு வையுங்கள்.

தையல் மெஷினில் குறி

அளவு அடிக்கடி தவறுபவர்களுக்கு: ஊசியைக் கீழே இறக்கி, அதிலிருந்து வலப்பக்கம் அரை இன்ச், முக்கால் இன்ச், ஒரு இன்ச் அளந்து, ஊசித் தட்டின் இரும்பில் வெவ்வேறு நிறத்தில் மெல்லிய கோடு போடுங்கள். துணியின் ஓரம் அந்தக் கோட்டை ஒட்டி ஓடினால் தையல் நேராக வரும். துணியை நகர்த்தும் பல் ஓடும் இடத்திலும் மெஷினின் பெயின்ட் மேலும் படக் கூடாது.

அடிநூல் பாபினை வைக்கும் பாபின் கேஸில், நூலின் இறுக்கத்தை மாற்றும் சின்னத் திருகை ஒரு முறையாவது திருப்பிவிட்டுப் பழைய இடம் தெரியாமல் தவித்தவர்கள் நிறைய. ஆரி நூல், எம்பிராய்டரி நூல் என்று மாற்றி ஓட்டுபவர்கள், மெஷின் நன்றாகத் தைத்துக்கொண்டிருக்கும் ஒரு நாளில், திருகின் தலையில் உள்ள வெட்டின் ஒரு முனைக்கு நேரே கேஸின் மேல் ஊசி முனையால் ஒரு புள்ளி வையுங்கள். எவ்வளவு திருப்பினாலும் திரும்பி வர வழி தெரியும். நூல் போகும் பாதையில் மட்டும் பாலிஷ் படவே கூடாது, முழுதும் காயாமல் கேஸைப் போடவும் கூடாது.

வீட்டில்

அம்மாவுக்குக் கண்புரை முற்றியிருந்த சமயம், இரண்டு கண் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். இரண்டும் ஒரே அளவு பாட்டில், ஒரே வெள்ளை மூடி. காலையில் போடுவதை ராத்திரி போட்டுவிடுவார். அப்போதுதான் கெட்டியாகிப் போன பழைய சிவப்புப் பாட்டிலை எடுத்தேன். காலை மருந்தின் மூடியில் ஒரு புள்ளி, ராத்திரி மருந்தின் மூடியில் இரண்டு. ஒரு முறை வைத்தால் விரலுக்குத் தெரியாது. கடுகளவு வைத்து, கால் மணி நேரம் காயவிட்டு, அதே இடத்தில் இன்னொன்று, மறுபடி இன்னொன்று என்று மூன்று அடுக்கு வைத்தால் மேடு தட்டும். அம்மா விரலால் தடவிப் பார்த்து, "இது காலையில போடறது" என்று தானே எடுத்துக்கொண்டார். வாஷிங் மெஷின் திருகில் வழக்கமாக வைக்கும் இடம், ரிமோட்டில் நிறுத்தும் பட்டன், மிக்ஸி திருகில் 'நிறுத்து' இருக்கும் இடம் எல்லாவற்றுக்கும் அன்றே புள்ளி வைத்தேன். பிளாஸ்டிக்கில் வைத்தது பிறகு சுத்தமாகப் போகாது, அதனால் இடத்தைத் தீர்மானித்துவிட்டு வையுங்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் மறையக் கூடாது.

ஜன்னல் கொசுவலையில் இரண்டு மூன்று கட்டம் அளவுக்கு ஓட்டை விழுந்தால் பாலிஷ் அடைத்துவிடும். ஊசியால் விலகிய இழைகளை நேராக்கி, நனைந்த பிரஷ்ஷைப் படுக்க வைத்து மெதுவாக இழுத்தால் கட்டத்துக்குள் சோப்புக் குமிழி போல ஒரு தோல் விழும். காய்ந்ததும் இன்னும் இரண்டு பூச்சு. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும், அதனால் ராத்திரிக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். விரல் நுழையும் ஓட்டைக்கு வலைத் துண்டு வைத்துத் தைத்து, தைத்த நூலின் மேல் பாலிஷ் பூசுங்கள். துணிக் கொசுவலைக்கும் அப்படியே.

மூக்குக் கண்ணாடியின் திருகு அடிக்கடி கழன்றால் நன்றாக முறுக்கிவிட்டு, ஊசி முனையால் தலையில் ஒரு சொட்டு. லென்ஸில் பட்டால் அதன் பூச்சு கெடும், ஒரு துணியால் மூடிக்கொண்டு செய்யுங்கள். குளியலறையில் வைக்கும் தகர டப்பாக்களின் அடி விளிம்பில் பூசினால் தரையில் துரு வட்டம் விழாது. ஒரே மாதிரி சாவிகளுக்குத் தலையில் நிறப் புள்ளி வையுங்கள், பல்லில் வேண்டாம். மளிகை டப்பாவில் ஒட்டும் பெயர்ச் சீட்டின் மேல் பூசினால் ஈரக் கை பட்டாலும் அழியாது, ஆனால் பென்சிலால் எழுதியிருக்க வேண்டும். பால்பாயின்ட் மையும் மார்க்கர் மையும் பாலிஷில் கரைந்து வழியும்.

சிதம்பரம் கவரிங் மாதிரியான நகைகளில் வளையலின் உள்பக்கமும் சங்கிலியின் கொக்கியும்தான் முதலில் வெளுக்கும். நகையைத் துடைத்து ஈரம் போகக் காயவைத்து, அந்த இடங்களில் மட்டும் மெல்லிசாகப் பூசி, ஒரு நாள் முழுக்க விட்டு அணியுங்கள். கல், முத்து மேல் படக் கூடாது. காதுத் துளைக்குள் போகும் தண்டில் பூசாதீர்கள். நெயில் பாலிஷில் உள்ள பிசினே சிலருக்கு அரிப்பு தரும், உரிந்தால் அது துளைக்குள்தான் போகும்.

வைக்கக் கூடாத இடங்கள்

மின்சார வயர் உரிந்த இடத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். சாப்பாடு படும் கரண்டி, தட்டு, டம்ளர், குழந்தை வாயில் வைக்கும் பொம்மை, சூடாகும் குக்கர் கைப்பிடித் திருகு எதிலும் வேண்டாம். பாலிஷ் வைத்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியை நேரே வைக்காதீர்கள். அங்கே தேய்த்தே ஆக வேண்டுமென்றால் அந்தச் சொட்டைச் சுற்றிப் போங்கள். பட்டுப்புடவையின் உடலிலும் ஜரிகையிலும் பூசாதீர்கள், வெள்ளைத் துணியின் வெளிப்பக்கத்திலும் வேண்டாம், வெயிலும் காலமும் சேர்ந்தால் மஞ்சளாகும்.

தவறி விழுந்துவிட்டால்

ஈரமாக இருக்கும்போது தேய்க்காதீர்கள், பரவும். முதலில் துணி என்ன என்று பாருங்கள். சில லைனிங், சாட்டின் துணிகள் அசிடேட் நூலில் நெய்தவை. அசிடோன் பட்டால் அந்தத் துணியே கரைந்து ஓட்டையாகும். உள் ஓரத்தில் ஒரு சொட்டு ரிமூவர் வைத்துப் பிசுபிசுப்பாகிறதா, சாயம் போகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், கறை உள்ள பக்கத்தை மடித்த பருத்தித் துணியின் மேல் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து ரிமூவர் நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள். கறை அடித் துணிக்கு இறங்கும். அடித் துணியை இடம் மாற்றிக்கொண்டே ஒற்றி, பிறகு சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். ஜரிகையில் விழுந்திருந்தால் நீங்களாக ரிமூவர் தொடாமல் டிரை கிளீனிங் கடையில் கறை எது என்று சொல்லிக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் பாட்டிலின் கழுத்தை ரிமூவர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். கழுத்தில் காய்ந்த பாலிஷ் இருந்தால் மூடி இறுகாது, ஒரு மாதத்தில் கெட்டியாகிவிடும். அப்படிக் கெட்டியானால் ரிமூவர் ஊற்றி இளக்காதீர்கள், படலத்துக்கு வலு இருக்காது. நெயில் பாலிஷ் தின்னர் என்றே கேட்டு வாங்கி இரண்டு சொட்டு விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்குங்கள்.